தானே செய்யட்டும்

செவ்வாய், தைப்பிங்கில் விடாத மழை

பக்கவாதம் வந்து எங்கள் வார்டில் இருக்கும் சரசு அக்காவுக்கு அவர் கணவர் இன்று கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் தடுத்தேன். நோயாளியால் முடிந்ததை அவரே செய்ய வேண்டும், முடியாததை மட்டும் தாதி செய்ய வேண்டும். நாங்கள் படித்த கோட்பாடு அது.

"அக்காவே சாப்பிடட்டும் அண்ணே. அப்பதான் கை பழகும்."

வலது கை அசையாததால் அக்கா இடது கையால் கரண்டியைப் பிடித்தார். பாதி சிந்தினாலும் சாப்பிட்டு முடித்தார். எனக்குச் சந்தோஷம். திரும்பினால் அண்ணனைக் காணோம். வெளியே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்.

"கமுந்திங் பேக்டரியில எப்பவும் டபுள் ஷிப்ட்டு மிஸ்ஸி. அவளுக்குன்னு ஒன்னும் செஞ்சதில்ல. இப்பதான் லீவு கெடச்சிருக்கு. அதையும் வேணாங்கிறீங்களே."

உள்ளே போய் அக்காவின் சீப்பை எடுத்து வந்தேன். அவரிடம் நீட்டி, "ஒரு கையால சிக்கெடுத்துத் தலை சீவ அக்காவால முடியாது. அத நீங்க செய்யலாம்லா" என்றேன்.

அவருக்குச் சிக்கு எடுக்கத் தெரியவில்லை. "வலிக்குதுலா!" என்று அக்கா வாய் குழறத் திட்டினார். அவர் சிரித்தபடி சீவிக்கொண்டே இருந்தார். பார்வை நேரம் முடிந்தும் நான் போகச் சொல்லவில்லை.

சாயங்காலம் சிங்கப்பூரில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஓவர்டைமாம், இந்த மாதமும் வர முடியாதாம். "பரவால்ல, நானே பாத்துக்கிறேன்" என்றேன். பொய்யில்லை. கேஸ் சிலிண்டர் மாற்றுவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, எல்லாம் என்னால் முடிகிறது. முடிந்தாலும், இவர் பக்கத்திலிருந்து செய்தால் நன்றாக இருக்கும். அதைத்தான் போனில் சொல்லியிருக்க வேண்டும்.