பரசுராமன் ஃபைல்

நவம்பர் 3, திங்கள்
இன்று முதல் நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர். அக்கா மகள் கவிநிலா செங்கம் ரோட்டில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. குறுக்கே வந்தது நாய்தான். டீக்கடை தருமனிடம் காளை என்று சொல்லியிருக்கிறேன். அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேலையைக் காட்டினால்தான் கம்பெனியில் நிரந்தரம். மாமன் இருக்கும்போது என்ன பயம்?

நவம்பர் 4, செவ்வாய்
புரோகிராமைப் படித்துத் தப்பைப் பிடிக்கும் மென்பொருள்தான் கம்பைலராம்; அதைச் சோதிக்க வேண்டுமென்றே தப்பாக புரோகிராம் எழுதுகிறார்கள். தப்புள்ள வரியில் ரெண்டு ஸ்லாஷ் போட்டு, ‘இங்கே பிழை வரணும்’ என்று குறிப்பு. அந்தக் குறிப்பைப் படித்து, கம்பைலர் தப்பைப் பிடித்ததா என்று பார்ப்பது கவி எழுதும் புரோகிராம்.

ஸ்லாஷ் போட்ட வரியை மெஷின் படிக்குமாம்! கம்ப்யூட்டர் சென்டரில் மூணு மாசம் படித்தவன் நான்; ஸ்லாஷ் போட்டால் மெஷின் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? முடித்திருந்தால் சென்டரையே என் பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

நவம்பர் 6, வியாழன்
கவி எக்ஸ்ரே எடுக்கப் போனாள். மீதித் தப்பு புரோகிராம் ஃபைல்களைப் போனில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாள். ஸ்லாஷ் குறிப்பையெல்லாம் விட்டுவிட்டேன், மத்தியானமே முடிந்தது. ஓட்டினால் எல்லாம் பச்சை, பாஸ்! “மாமா, நீங்க தெய்வம்!” என்றாள். நான் மறுக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி
போச்சு. அவளுடைய மேலதிகாரி சுரேஷ்குமார் வீடியோவில் ஒரு ஃபைலைத் திறந்தார். “குறிப்பே இல்லையே, எதைப் பார்த்து பாஸ்னு சொல்லுது?” திங்கள் வரை டைம்.

“என் வேலையே போவப்போவுது மாமா. குறிப்பை ஏன் அடிக்கல?”

எனக்கு வந்துச்சே கோவம். “நான் அடிக்கல, சரி. உன் புரோகிராம் ஏன் பச்சை காட்டுச்சு? பத்தாவதுல நான் வெத்துத் தாள் குடுத்தேன், ஃபெயில்தானே போட்டாங்க? வெத்துத் தாளுக்குப் பாஸ் போடற வாத்தி என்னடி வாத்தி?”

அழுகை நின்னுடுச்சு. என்னையே பார்த்தா. அப்படி என்ன சொல்லிட்டேன் நான்?

நவம்பர் 8, சனி
மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். அடித்துக்கொண்டிருக்கிறேன் — ஸ்லாஷ், ஸ்லாஷ், ஸ்லாஷ்.

நவம்பர் 10, திங்கள்
கவி புது விதி சேர்த்திருக்கிறாள்: ஃபைலில் ஒரு குறிப்பும் இல்லையென்றால் ஃபெயில். சுரேஷ்குமார் ஓட்டிப் பார்த்தாராம். கம்பெனியின் பழைய ஃபைல்களிலேயே நிறைய வெத்து! வருஷக்கணக்காகப் பாஸாகிக்கொண்டிருந்தனவாம்.
“எம்பேரைச் சொன்னியா?”
“சொல்ற மாதிரியா பண்ணீங்க?”

டிசம்பர் 2, செவ்வாய்
கட்டுப் பிரித்தாகிவிட்டது. வேலை நிரந்தரம். இனி அவளே அடிப்பாள். நாளை கார்த்திகை தீபம், கூட்டத்தில் ரோட்டில் கால் வைக்க இடமில்லை.

சாயங்காலம் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். நான் அடித்த வெத்து ஃபைல் ஒன்றை வைத்திருக்கிறாள். பெயர்: பரசுராமன். என் பேரேதான்! தினமும் ஓடுமாம். அது ஃபெயிலானால்தான் புது விதி வேலை செய்கிறது என்று அர்த்தமாம்.

டீக்கடையில் சொன்னதும் தருமன் விழுந்து விழுந்து சிரித்தான். “தினமும் ஃபெயிலாண்ணே?”

ஆமாய்யா! பத்தாவதில் ஒரு தடவை ஃபெயிலானதற்கு அப்பா பெல்ட்டை எடுத்தார். இப்போது தினமும் ஃபெயிலாகிறேன். ஒரு கம்பெனியே நிம்மதியாகத் தூங்குகிறது.