எறும்பு வராத பலகை

நீலசந்திரா, பெங்களூர்,
நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை.

ஓசூரில் நம் மகள் பிரபா வீட்டில் இருக்கும் சின்னத்தாயிக்கு, உன் வீட்டுக்காரன் தனக்கோடி சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். நான் நடமாட்டமாய் இருக்கிறேன். நீயும் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சுகமாய் இருக்க வேண்டும்.

கையெழுத்து யாருடையது என்று கவரைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். எதிர்வீட்டு ஐரின்தான் எழுதுகிறாள். கிழித்துப் போட்டுவிடாதே. வேறு ஆள் தேடாமல் இல்லை. பக்கத்து வீட்டு மஞ்சுநாத் நம்மோடு தமிழ்தான் பேசுகிறான், எழுதச் சொன்னால் கன்னடம்தான் வருகிறது. மாடி வீட்டு அனுஷா, "எழுதறதெல்லாம் எதுக்குத் தாத்தா, போன்ல பேசுங்க, அப்படியே அனுப்பிடறேன்" என்றது. போனில் பேசத்தான் இருபத்திரண்டு நாளாய்ப் பார்க்கிறேன். "ம், சரி, வெச்சிடறேன்" என்கிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. பிரபா கன்னடப் பள்ளியில் படித்தவள், இதை அவளால் படிக்க முடியாது. நீ ஐந்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

இந்தத் தெருவில் தமிழ் எழுதத் தெரிந்தது ஐரின் ஒருத்திதான். கேட்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் போனையும் நீ எடுப்பதில்லையாம். நான் என்ன சொன்னாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாக மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, நிமிர்ந்து பார்க்கிறாள். எழுதும்மா, எழுது.

வீட்டுச் சேதி. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. கிறிஸ்மஸ் கேக்குக்கு நீ ரம்மில் ஊறப்போட்ட திராட்சை ஜாடியைத் தினமும் குலுக்கி வைக்கிறேன். குடிக்கவில்லை. ஒரு கரண்டி ருசி பார்த்தேன். கிரண் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள். கேக் கேட்டு இரண்டு தடவை வந்துவிட்டார்கள். உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எழுத்து வராது, அதனால் எதுவும் மறக்காது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குஷன் கடை ராஜேந்திரன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நீ முதல் கேக் செய்தாய். ரிச்மண்ட் டவுன் வீட்டில் முப்பது வருஷம் சமைத்து, அந்த அம்மாவிடம் கேக் வேலையெல்லாம் கற்றுக்கொண்டவள், வைக்க ஒரு பலகை இல்லாமல் இட்லிக் குண்டான் மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு முழித்தாய். நான் சிவாஜிநகர் குஷன் கடையில் நாற்பது வருஷம் சோபாவுக்கு உறை போட்டவன். பிளைவுட்டை வட்டமாய் அறுத்தேன். தங்கக் காகிதத்தை இரண்டு விரல் அதிகம் விட்டு வெட்டி, ஓரத்தைப் பல் பல்லாய்க் கத்தரித்து, அடியில் மடித்து ஒட்டி, சுற்றிலும் சாட்டின் ரிப்பன் வைத்தேன். ஒரு சுருக்கம் கிடையாது. கேக்கைத் தூக்கி அதில் வைத்துவிட்டு, "பரவால்லையே, உங்க கைக்கும் வேலை தெரியுது" என்றாய். நீல நூல் புடவை கட்டியிருந்தாய், இடது முழங்கையில் மாவு. நாற்பத்தொரு வருஷத்தில் நீ என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு உன் கேக் எதுவும் என் பலகை இல்லாமல் வாசல் தாண்டியதில்லை.

அப்புறம் இவள் வந்தாள். போன வருஷம் மாசியில், புருஷன் தவறி மூன்று மாதம் கழித்து எதிர்வீட்டுக்குக் குடிவந்தாள். நாலாம் நாள் சர்க்கரை கேட்டு வந்தவள் என் பலகையை விரலால் தடவிப் பார்த்தாள். "அக்கா, இந்த ஜிகினாக் காகிதமெல்லாம் பழசாயிடுச்சி. போர்டுக்கும் சர்க்கரை மாவுலயே உறை போடலாம், நான் கிளாஸ் போயிக் கத்துக்கிட்டேன்" என்றாள். பழசாம். நான் அப்போது அடுத்த அறையில் செத்தா போயிருந்தேன்?

மறுவாரமே நீங்கள் இரண்டு பேரும் சர்க்கரை மாவைச் சப்பாத்தி போலத் தேய்த்து, பலகையில் தண்ணீர் தொட்டுத் தடவி, அதன்மேல் போர்த்தி, சுற்றிலும் கத்தியால் அரிந்து, புள்ளி வைத்துக் கோலம் அழுத்தினீர்கள். அழகாய்த்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. என் தங்கக் காகிதச் சுருள் பீரோவுக்குப் பின்னால் போனது. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காப்பியிலிருந்து மத்தியானச் சோறு வரைக்கும் எண்ணினேன். "ஐரின்" என்று முப்பத்தொரு தடவை சொன்னாய். என் பெயரை நீ சொல்ல மாட்டாய், அது வழக்கம். ஆனால் "இந்தாங்க" என்பதுகூட அன்றைக்கு இரண்டே தடவைதான். இரண்டும் வழியில் நிற்காதே, நகரு என்பதற்கு.

எல்லாவற்றையும் விடு. அந்தச் சிரிப்பு இருக்கிறதே. அடுக்களைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நீ சிரித்தது. என்னவென்று எட்டிப் பார்த்தால், "உங்களுக்குப் புரியாது, போங்க" என்றாய். நாற்பத்தொரு வருஷம் பக்கத்தில் படுத்தவனுக்குப் புரியாத சிரிப்பு, நேற்று வந்தவளுக்கு எப்படிப் புரிகிறது? இந்த இடத்தில் "பொறாமை" என்று போடட்டுமா என்று ஐரின் கேட்கிறாள். நான் சொல்லாததை நீ போடாதே என்றேன். பிறகு யோசித்துப் பார்த்து, போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல் சொல்லப் போவது உனக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது.

மல்லேஸ்வரத்தில் மாதர் சங்கத்து கேக் கண்காட்சிக்கு முந்தின நாள். உன் இரண்டடுக்குக் கேக் தயார். ஐரின் செய்த பலகை நம் வீட்டு பீரோ மேல் மூன்று நாளாய்க் காய்ந்துகொண்டிருந்தது. கீழே தட்டில் தண்ணீர், தண்ணீருக்கு நடுவில் கிண்ணம், கிண்ணத்தின்மேல் பலகை, அதன்மேல் மெல்லிசுத் துணி. எறும்புக்கு எந்த வழியும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ரிப்பன் வாங்க சிவாஜிநகர் பஸ் ஏறினீர்கள். திரும்பி வந்தபோது, பலகையில் எறும்பு மொய்த்துவிட்டது, சாக்கடையில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். கவலைப்படாதே, அவசரத்துக்கு நான் ஒன்று செய்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

சின்னத்தாயி, ஒரு எறும்பும் வரவில்லை. தட்டுத் தண்ணீரை நான்தான் கொட்டினேன். பலகையை உன் பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். அவசரத்துக்குச் செய்ததும் பொய். ஒரு வாரமாய் ராஜேந்திரன் கடையில் உட்கார்ந்து ரகசியமாய்ச் செய்தேன். கருஞ்சிவப்பு வெல்வெட், அதற்குமேல் கண்ணாடிக் காகிதம், ஓரத்தில் தங்க நாடா. என் கைத்தொழிலில் அதைப்போல் ஒன்று நான் செய்ததில்லை. எல்லாம் செய்துவிட்டு, சோபாவுக்குச் செய்கிற பழக்கத்தில் வெல்வெட்டுக்கு அடியில் அரை அங்குலம் ஃபோம் வைத்துவிட்டேன். உறை என்றால் அடியில் மெத்தென்று இருக்க வேண்டும், என் கைக்கு அவ்வளவுதான் தெரியும்.

மிச்சம் உனக்குத் தெரியும். மேசையில் வைத்த கால் மணியில் கேக் ஒரு பக்கமாய் அமிழ்ந்து, மேலடுக்கு சரிந்து, நடுவில் வெடித்தது. பரிசு கொடுக்க வந்த அம்மாள் பலகையை விரலால் அமுக்கிப் பார்த்து, "ஏன்ரீ இது, கேக்கா சோபாவா?" என்று கன்னடத்தில் கேட்டாள். கூடமே சிரித்தது. நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்து நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாவம் அந்த மனுஷன், அவசரத்துக்குக் கையில கெடச்சத வெச்சி செஞ்சாரு" என்றாய். ஒன்பது வருஷமாய் நான் ஏங்கியது அது மாதிரி ஒரு சொல்லுக்குத்தான். கிடைத்தபோது நெருப்பை விழுங்கினது போல இருந்தது. கோபத்தை எல்லாம் இவள் பக்கம் திருப்பினாய். ஒழுங்காய்த் தண்ணி வெச்சி மூடியிருந்தா எறும்பு வருமா என்று கேட்டாய். "வெச்சேன்க்கா, நீயும் பாத்தியே" என்று இவள் கெஞ்சினாள். அப்போது அந்த வார்த்தையைச் சொன்னாய்: "தாலி அறுத்துட்டுத் தனியா கெடக்கறவளுக்குக் குடும்பத்துப் பொருளோட அருமை இன்னாடி தெரியும்?" இவள் ரிப்பன் சுருளை நம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் நீ ஓசூர் பஸ் ஏறினாய். பிரபாவைப் பார்த்து ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாய். நீ கோபத்தில் போகவில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு எதிர்வீட்டு வாசலைப் பார்க்க வெட்கப்பட்டுப் போனாய். நீ சாமி விளக்கை ஏற்ற மறந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மேல் வரிக்கும் இந்த வரிக்கும் நடுவில் அரை மணி நேரம் போயிருக்கிறது. ஐரின் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வாசல் வரைக்கும் போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். நான் முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். வயசான காலத்தில் விழுந்து வைக்கப் போகிறேன் என்று அவள்தான் ஓடிவந்து முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். புடவையைப் பிரித்துக் காட்டினேன். பலகை கல்லாய் இறுகியிருக்கிறது. ஒரு ஓரத்தில்கூட உதிரவில்லை. கோலப் புள்ளிகள்மேல் விரலை ஓட்டினாள். "இந்தப் புள்ளியெல்லாம் நானும் அக்காவும் மாத்தி மாத்தி வெச்சோம்ணா. எது அக்கா வெச்சது, எது நான் வெச்சதுன்னு இப்பவும் சொல்லுவேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். செருப்பைக் கழற்றியிருந்தால்கூட எனக்குத் தேவலையாய் இருந்திருக்கும். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்து, "சொல்லுங்க, எழுதறேன். சத்தியம் பண்ணித் தொலைச்சிட்டேன்ல" என்கிறாள்.

அக்கா சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டேன் என்று எழுதலாமா என்று கேட்கிறாள். இது என் கடிதம், உனக்கு வேண்டுமானால் தனியாய் ஒன்று எழுதிக்கொள் என்றேன். இதில்கூட நுழையப் பார்க்கிறாள், பார். சரி, எழுதட்டும். ஆனால் அது பொய். அவள் மறக்கவில்லை. நீ சொன்னதை அவள் மறக்க வேண்டுமானால் நீ நேரில் வர வேண்டும்.

நீ இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். என்னை மன்னிக்க வேண்டாம். வருஷக் கணக்கில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். மாத்திரையைத் தூக்கி எறிந்து கொடு, சோற்றைத் தள்ளி வை. அதெல்லாம் இந்த வீட்டில் இருந்துகொண்டு செய். பிரபா வீட்டில் உட்கார்ந்து நீ கோபமாய் இருந்தால் எனக்கு என்ன தெரிகிறது?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறு. முன்பக்கத்து சீட்டாய்ப் பார்த்து உட்கார், பின்னால் தூக்கிப் போடும். தெருமுனையில் இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. நேராய் எதிர்வீட்டுக்குப் போ. எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசு, அழு, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு சிரி. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும். நீ வந்து சேர்.

உன் கால் வலி தீர வேண்டும், நீ தீர்க்காயுசாய் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தனக்கோடி
(இடது பெருவிரல் ரேகை)