கணக்கில் வராத அப்பாவுக்கு

எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒப்புக்கொள்ளும்வரை டீயைத் தொடாத என் அன்பு அப்பாவுக்கு,

கதிர் அண்ணனுக்கு ஒரு இடம் வந்தது. காரமடை. பெண்ணின் பெயர் நந்தினி. வந்த இடம் உங்களால் நின்றுபோகப் பார்த்தது. "போய்ச் சேந்த பொறவும் ஊட்டு விசயத்துல தலையிடாம இருக்க மாட்டீங்களா?" என்று அம்மாவே உங்கள் போட்டோவைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் உங்களுக்குப் பிடித்த சமாச்சாரம். புதிதாக ஒரு கொரோனா கிளம்பியிருக்கிறதாம். உங்களைக் கொண்டுபோனதற்குப் பிற்பாடுதான் டெல்டா என்று பெயர் வைத்தார்கள். யார் கொன்றது என்றுகூடத் தெரியாமல் போய்விட்டீர்கள். இப்போதெல்லாம் அப்படி அழகான பெயர் கிடையாது. எழுத்து, எண், நடுவில் புள்ளி என்று ஆர்டிஓ ஆபீஸில் வண்டிக்குக் கொடுப்பதுபோலக் கொடுக்கிறார்கள். டிவியில் கீழே அந்த எண் ஓடினால் போதும், வீட்டில் நிலவேம்புக் கஷாயம் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டரை அம்மா சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். போன வாரம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இடது கையைப் பிடித்து மாட்டினாள். "இது லேசானதுதானாம், பயப்படாதீங்கம்மா" என்றேன். "உங்கப்பாவும் அப்பிடித்தான் சொன்னாரு" என்றாள். 

முதல் ஊரடங்கு தளர்ந்ததும் முக்குப் பேக்கரியில் நீங்கள் நடத்திய உலகக் கோப்பை நினைவிருக்கிறதா? எந்த நாட்டில் கொரோனா சாவு குறைவு என்று பந்தயம், ஆளுக்கு ஒரு நாடு எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் ஸ்வீடன். கடையை அடைக்கச் சொல்லாத ஒரே நாடு என்பதுதான் காரணம். மோட்டாருக்குக் காயில் கட்டும் உங்கள் பட்டறை பூட்டிக் கிடந்த கோபம். பேக்கரிக்காரர் நியூசிலாந்தை எடுத்துவிட்டு, தினமும் ஜெயித்து, எல்லார் வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டார். "ஆடு மட்டும் மேயற ஊர்ல அது எப்பிடிங்க பரவும்?" என்று நீங்கள் சண்டைக்குப் போவீர்கள்.

ரிட்டயர்டு கண்டக்டர் கந்தசாமி மாமா இத்தாலி. கிண்டல் செய்தால் முகம் சிவந்துவிடும். "எங்குளுதுல வயசானவிய எச்சா. அதையும் கணக்குல எடுக்கோணுமில்ல?" என்பார். தன் வாழ்நாளில் கேரள எல்லை வாளையாரைத் தாண்டாத மனிதர், இத்தாலியை 'எங்குளுது' என்றார்.

முதலில் நீங்கள் மொத்தச் சாவைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் பெரிய நாட்டையும் சின்ன நாட்டையும் பக்கத்தில் வைக்க முடியும் என்று நான் சொன்னதும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. "உசுரை எதுக்கு அம்மணி வகுக்கோணும்? செத்தவன் முழுசாத்தான சாகறான்?" என்றீர்கள்.  

இந்தியாவின் விகிதம் குறைவாக இருப்பதற்கு நீங்கள் கண்டுபிடித்த காரணம் ரசம். மிளகு, சீரகம், பூண்டு. "நம்ம ஒடம்பு வேறைங்க" என்று பேக்கரியே தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் தெருவுக்குக் குப்பை எடுக்க வந்துகொண்டிருந்த அக்கா ஒரு நாள் வரவில்லை. மறுவாரம் வேறொருத்தர் வந்தார். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை, அப்பா. பெரு நாட்டில் எத்தனை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

"சாகலைன்னு அர்த்தம் இல்லீங்ப்பா. எழுதலைன்னு அர்த்தம்" என்றேன். பெல்ஜியத்தில் சந்தேகக் கேஸைக்கூடச் சேர்த்து எண்ணினார்கள், அதனால்தான் பட்டியலில் அவ்வளவு மேலே போனார்கள் என்று விளக்கினேன். உங்களுக்கு பெல்ஜியத்தின்மேல் கோபம் வந்துவிட்டது. "கிறுக்கனுகளா அவனுக? மறைக்கறதுக்கு வழி இருந்தும் எதுக்கு எழுதறான்?"

அடுத்த அலையில் உங்களுக்கே வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தெருவுக்கு நாங்கள் சொன்னது: ஆஞ்சியோ. கடைசியாக எடுத்த டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்தது. நுரையீரல்தான் இல்லை. நீங்கள் போனதும் ஒரு டாக்டர் நிமிர்ந்தே பார்க்காமல் காகிதத்தில் எழுதினார்: இதயம் நின்றதால் மரணம்.

சரவணம்பட்டியில் என் வேலை என்னவென்று யாருக்கும் புரியும்படி நீங்கள் சொன்னதேயில்லை, "கம்ப்யூட்டர்ல டாக்டர்" என்பீர்கள். அமெரிக்க நோயாளிகளின் கேஸ் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்கான குறியீட்டைப் போடும் வேலை. அங்கே ஒரு கிழவர் செத்து, 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதி வந்தால் நாங்கள் திருப்பி அனுப்புவோம். செத்த எல்லாருக்கும்தான் இதயம் நின்றிருக்கிறது, எதனால் நின்றது என்று கேட்போம். கடல் தாண்டி இருக்கும் யாரோ ஒருவருக்காகக் கேட்ட கேள்வியை உங்களுக்காகக் கேட்க ஆளில்லை. இந்தியாவின் விகிதம் குறைந்ததில் உங்கள் பங்கும் உண்டு. ரசத்துக்கு இல்லை.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் அம்மாவும் அத்தையும் நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொன்னார்கள். கொரோனா என்றால் வாசலுக்கு ஒருத்தர் வரமாட்டார்கள், தூக்க ஆள் இருக்காது என்று பயம். சொன்னது வேலை செய்தது. பேக்கரி மொத்தமும் வந்து உங்களைத் தூக்கியது. ஒரு பொய்க்காக வந்த கூட்டம் என்று நான் உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். அந்த ஆத்திரம் இத்தனை வருடமும் ஆறவில்லை.

இப்போது காரமடைக்கு வருகிறேன். அண்ணனும் நந்தினியும் போனில் பேச ஆரம்பித்து, அண்ணன் வேலைக்குப் போகும்போது தலை சீவுகிற அளவுக்கு முன்னேறியிருந்தான். அந்த நேரத்தில் அவள் அப்பா, நம் ஆட்களின் வழக்கப்படி, யாரிடமும் சொல்லாமல் நம் முக்குப் பேக்கரிக்கு வந்து ஒரு டீ சொல்லியிருக்கிறார்.

"ஏனுங்க, இங்க மோட்டார் பட்டறைக்காரரு ஊடு எதுங்க?"

மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர் என்று பேக்கரிக்கு உடனே தெரிந்துவிட்டது. கந்தசாமி மாமா நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். பையன் தங்கம், பீடி சிகரெட் கிடையாது என்று ஆரம்பித்து உங்கள் சாவுக்கு வந்தார்.

"அவுரு சாவு மாதிரி யாருக்குங்க வரும்? டீயைக் குடிச்சாரு, டம்ளரை வெச்சாரு, நெஞ்சைப் புடிச்சாரு. முடிஞ்சு போச்சுங்க."

இதோடு நிறுத்தியிருக்கலாம். வந்தவர் வாய் பிளந்து கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அவுங்கப்பாருக்கும் அப்பிடித்தானுங்க. அந்த வம்சத்துக்கே அப்பிடி. ஒருத்தரையும் படுக்கையில போட்டுச் சீரழிக்காது. நாப்பது அம்பதுல நறுக்குனு போயிருவாங்க" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். தாத்தா தொண்ணூறு வயதில், பல் செட்டைக் காணோம் என்று திட்டிக்கொண்டே போனவர்.

மறுநாள் அத்தை மூலம் தகவல் வந்தது. பையனுக்கு நெஞ்சில் ஒரு ஸ்கேன் எடுத்துக் காட்டினால் தேவலையாம். அன்றிலிருந்து அண்ணன் தலை சீவாமல் வேலைக்குப் போனான்.

"உண்மையைச் சொல்லிரலாம்" என்றேன்.

"அன்னைக்குப் பொய் சொன்னவங்கதானன்னு கேப்பாங்க" என்றாள் அத்தை.

"எடுத்துக் காட்டிப்போடு சாமி. படந்தான?" என்று அம்மா அண்ணனைக் கெஞ்சினாள். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "ஊரைக் கூட்டிப் பொய் சொல்லித்தான் உங்கப்பாவைத் தூக்குனோம் கண்ணு. தொட்டுத் தூக்குனவங்க மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

அண்ணன் ஸ்கேன் எடுக்க மறுத்தான். நேரில் போய்ப் பேசிவிடுவோம் என்று நாங்கள் நாலு பேரும் காரமடை போனோம். நந்தினியின் அப்பா நல்ல மனிதர். பத்து எருமை வைத்துப் பால் ஊற்றுகிறார். தாங்க முடியாத மரியாதை. அத்தை வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் போட்டு உடைத்தேன்.

"எங்கப்பாவுக்கு நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லீங்க. கொரோனாவுலதான் செத்தாரு."

அவர் சிரித்தார். "இப்பெல்லாம் எல்லாரும் அதும்மேலயே பழியைப் போடறாங்க அம்மணி. டெஸ்ட் பேப்பர் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

 முதல் டெஸ்ட் பேப்பர் ஆஸ்பத்திரியோடு போயிற்று, இருக்கிற பேப்பரில் கிருமி இல்லை என்றுதான் போட்டிருக்கிறது. உலகத்திலேயே தன் அப்பன் கொள்ளை நோயில்தான் செத்தான் என்று நிரூபிக்க முடியாமல் கல்யாணம் நிற்கிற முதல் குடும்பம் நாமாகத்தான் இருப்போம். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காபித் தட்டோடு வந்த நந்தினி, தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, "எங்கம்மா சாவுப் பேப்பர்ல என்னங்ப்பா போட்டிருக்குது?" என்றாள்.

"நீ உள்ள போ கண்ணு."

"மஞ்சக்காமாலைன்னு ஊருக்குச் சொன்னோமே, அது பேப்பர்ல இருக்குதுங்களா?"

 அவள் அப்பா துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "பாலு யாரு வாங்குவாங்க?" என்றார் எங்களைப் பார்க்காமல். "கொரோனா ஊடுன்னு தெரிஞ்சா ஒரு சொட்டு வாங்குவாங்களா? அதான் காமாலைன்னு சொன்னனுங்க."

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "உங்களுக்குப் படுக்கை கெடச்சுதுங்களா?"

"வண்டியிலயே போயிருச்சுங்க. நாலு ஆஸ்பத்திரி வாசலைப் பாத்தோம். உங்களுக்கு?"

"கெடச்சுதுங்க. கெடச்சும் போயிட்டாரு. எனக்கு ஒரு தடவ கைய ஆட்டுனாரு, கண்ணாடிக்கு அக்கட்டால இருந்து."

அப்புறம் அவர்கள் நிறுத்தவேயில்லை. எந்த மாத்திரை, யார் சிலிண்டர் வாங்கித் தந்தது, யார் போனை எடுக்கவில்லை. நீங்கள் பேக்கரியில் நாடுகளை ஒப்பிட்டதுபோல அவர்கள் இரண்டு வீட்டை ஒப்பிட்டார்கள். யாரும் ஜெயிக்கப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் அத்தை இருமினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "மிச்சர் பொரையேறிப் போச்சுங்க" என்றாள் பயந்துபோய். ஸ்கேன் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. கல்யாணத்தை உறுதி செய்ய நாள் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

திரும்பி வரும்போது அம்மா காரை முக்கில் நிறுத்தச் சொன்னாள். இத்தனை வருடத்தில் அந்தப் பேக்கரியில் அம்மா நின்று நான் பார்த்ததில்லை. நேராகக் கந்தசாமி மாமாவிடம் போனாள்.

"அண்ணா, இனி யாராச்சும் கேட்டாங்கன்னா அவுரு கொரோனாவுல போனாருன்னு சொல்லுங்க. டம்ளர் கதையெல்லாம் வேண்டாமுங்க. அன்னைக்கு உங்க எல்லார்த்துகிட்டயும் பொய் சொல்லிப்போட்டேன். மன்னிச்சுக்கோணும்."

மாமா எழுந்து நின்றார். சங்கடமாக பேக்கரிக்காரரைப் பார்த்தார். அவர் பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார் மாமா. "ஆஞ்சியோவுக்குப் போனவருக்கு எதுக்குங்க பையன் ஊரெல்லாம் சிலிண்டர் தேடறான்? தெரிஞ்சுதான் தூக்குனோம். நீங்க நெஞ்சுவலின்னு சொன்னீங்க. சரி, உங்குளுக்கு அதுதான் வேணும்போலன்னு அதையே சொன்னோம். கொஞ்சம் எச்சாச் சொல்லிப்போட்டனுங்க."

 பேக்கரிக்காரர் ஒரு டீ போட்டு அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். நின்றுகொண்டே, எல்லார் முன்னாலும் குடித்தாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அப்பா. ஆஸ்பத்திரி மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொண்டேன், அது நியாயமானது. குப்பை எடுத்த அக்காவின் பெயர் இன்னும் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, அந்தக் கோபமும் இருக்கிறது. ஆனால் உங்களைத் தூக்கியவர்கள்மேல் இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? தெரிந்தும் வந்தார்கள் என்பது உங்களுக்காவது தெரிந்திருக்குமா?

ஒரு வாக்குத் தருகிறேன். புதிதாக வந்திருப்பதோ, அதற்கடுத்து வரப்போவதோ, நம் வீட்டில் யாரைக் கொண்டுபோனாலும் அதன் பெயரைச் சொல்லித்தான் அழுவோம். வருகிறவர்கள் வரட்டும்.

இப்படிக்கு,
கல்யாண அவசரம் எதுவும் இல்லாத, உங்கள் சின்ன மகள்