மில்லிக்கன் வீட்டு அடுப்பு

1986 யூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஜன்னல் திறக்க வழியில்லை. மிளகாய் வறுத்த நெடி சோபாவில், திரைச்சீலையில், நிரூவின் பள்ளிக்கூடப் பையில். நாளைக்கு வகுப்பில் யாராவது மூக்கைச் சுளிப்பார்கள், வந்து என்மேல் பாய்வாள். பன்னிரண்டு வயது மகளுக்கு எல்லாவற்றுக்கும் தாய்தான் குற்றவாளி.

இன்று: வான்கோழிக் கால் கறி. ஃபுரோசன் ஸ்பினாச் போட்டுப் பருப்பு. ரூபாப் சம்பல். ரூபாப் ஒரு சிவப்புத் தண்டு, வெள்ளைக்காரர் சீனி போட்டு அவிக்கிறார்கள். பச்சையாய்க் கடித்தால் மாங்காய்ப் புளிப்பு. சின்னதாக வெட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், தண்ணீர் தெளித்த பைக்கட் தேங்காய்ப்பூ. பழுதில்லை.

இவர் கறியைத் தொடவில்லை. வயிறு சரியில்லையாம். பருப்பும் தயிரும் மட்டும். பத்துப் பன்னிரண்டு நாளாக இதே கதை. மீன் வேண்டாம், முட்டை வேண்டாம். டொக்டரிடம் போகச் சொன்னால் அதுவும் வேண்டாம்.

ஊரிலிருந்து கடிதம் இல்லை. என்னைப் பெத்த ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் என்று சித்திரையில் தம்பி எழுதியதுதான் கடைசி. அப்போதே போயிருக்க வேண்டும். இங்கே மில்லிக்கனில் புது வீடு வாங்குகிற நேரம், குடிபூந்த பிறகு போகலாம் என்று இவர் சொன்னார். ஆவணியில் ஊருக்குப் போக ரிக்கற். ஐயா, ஆவணி வரைக்கும் இருங்கோ. வேறொன்றும் கேட்கவில்லை.

யூன் 11, புதன்

வெயில். பேக்கரியில் பாண் பைக்கட் கட்டிக் கட்டி மணிக்கட்டு வீக்கம்.

21ந் திகதி புது வீடு குடிபூரல். காலை 7.10க்கு முன்னம் பால் பொங்க வேண்டும். அடுத்த மாதம் ஆடி பிறந்தால் நாள் இல்லை. இந்த அப்பார்ட்மெண்டும் மாத முடிவில் கையளிக்க வேண்டும்.

வாங்க:
பால், 3 பை (கொழுப்பு எடுக்காதது)
சைனா ரவுணில் அரிசிமா, தேங்காய், வாழையிலை
பிறவுண் சுகர்
கற்பூரம் - மச்சாளிடம்

மோதகம் செய்து பார்த்தேன். வெல்லத்துக்குப் பதில் பிறவுண் சுகர், பாசிப்பயறு. சுகர் இளகி ஓடிவிட்டது, மோதகம் வாய் பிளந்து கிடந்தது. நிரூ எட்டிப் பார்த்துவிட்டு, "பார்ட்டிக்கு நோர்மல் ஃபூட் ஏதாவது செய்வீங்களா?" என்றாள். நோர்மல் என்றால் மக்கரோனியும் சீஸும்.

கடிதப் பெட்டிச் சாவி இவரிடம். தானே பார்க்கிறாராம், நான் களைத்துப் போய் வருகிறேனாம். இதுவரை கோப்பை கழுவாத மனுசனுக்குத் திடீரென்று என் களைப்புத் தெரிகிறது.

யூன் 14, சனி

வானம் மப்பு. மச்சாள் நகரத்தின் மற்ற முனை ரெக்ஸ்டேலில் இருந்து பலகாரம் சுட வந்தா. இவருடைய அக்கா. எனக்கு அவ ஒரு நாளும் சிரித்த முகம் காட்டினதில்லை. இன்று வந்ததும் கட்டிப்பிடித்தா. எண்ணெய்ச் சட்டியடியில் என்னை நிற்க விடவில்லை. "நீ போய் இரு பிள்ளை" என்றா. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

பல்கனியில் அக்காவும் தம்பியும் குசுகுசு. "நாள் தள்ளேலாது" என்று மச்சாளின் குரல். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனதும் வெங்காய விலை பேசினார்கள். என் சமையலைப் பற்றித்தான் இருக்கும். இவர் போய் முறைப்பாடு வைத்திருப்பார்.

யூன் 18, புதன்

லசானியா. நடுவில் கத்தரிக்காய் பொரித்து அடுக்கி, அரைத்த மாட்டிறைச்சியை எங்கள் தூளில் பிரட்டி, மேலே சீஸ். நிரூ தட்டை வழித்தாள். இவர் பாணும் வாழைப்பழமும். சீஸில் கூட விரல் படவில்லை.

சமைத்துப் போட்டதைச் சாப்பிடாத மனுசனோடு எதைப் பேசுவது? எங்களுக்குள் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து இன்னும் இரண்டு மணித்தியாலம் அடுப்படியில் நிற்பது ஆருக்காக? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஐயாவுக்கு மூன்றாவது கடிதம் எழுதினேன். தபாலில் போடச் சொல்லி இவரிடம் கொடுத்தேன். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

யூன் 21, சனி

நல்ல வெயில். குடிபூரல் முடிந்தது.

மின் அடுப்பு. புதுப்பானை, கிழக்குப் பக்கம் திருநீற்றுக் குறி. பால் அசையவே இல்லை. 7.05 ஆகிவிட்டது. மச்சாள் வந்து அடுப்புக் குமிழை முழுதாகத் திருப்பிவிட்டா. ஒரே எழும்பு. பொங்கி வழிந்து சுருளில் ஊற்றுப்பட்டு வீடெல்லாம் கருகல் மணம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

இவர் உள்ளே வரவில்லை. கார் கராஜ் வாசலில் நின்றார். குத்துவிளக்குக் கொண்டுவர வேண்டியவர் வீட்டுக்காரர். மச்சாளின் புருசன்தான் கொண்டுவந்தார். நாற்பது பேருக்கு முன்னால் எனக்கு முகம் இல்லை. கேட்டேன். "தலை சுத்துது" என்றார். தன் சொந்த வீட்டுக்குள் நல்ல நேரத்தில் வலது கால் வைக்காதவனோடு நான் எப்படி இங்கே வாழப் போகிறேன்?

யூன் 22, ஞாயிறு

மழை. தங்கி நின்ற ஆட்களுக்கு ஆட்டிறைச்சிப் புரியாணி. பாஸ்மதி இல்லை, அமெரிக்க நீள அரிசி. குழையவில்லை. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். இவர் வழக்கம்போல். கேட்கவும் இல்லை நான்.

யூன் 24, செவ்வாய்

லீவு. பழைய அப்பார்ட்மெண்டில் அடுப்புக் கழுவப் போனேன். கீழே தபால்காரர் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கதவு இலக்கம் சொன்னேன், கடிதத்தைக் கையிலேயே தந்தார். தம்பியின் எழுத்து. படியிலேயே இருந்து படித்தேன்.

"அக்கா, அழுது உடம்பைக் கெடுக்காதை. ஐயா நித்திரையிலதான் போனவர். நான் கொழும்புக்குப் போய் அத்தானோடை ரெலிபோனிலை கதைச்சனான். நேற்று எட்டுச்செலவு, ஐயாவுக்கு விருப்பமான கணவாய்க் கறியும் றால் பொரியலும் படைச்சம். முப்பத்தொண்டு வாற 26ந் திகதி. நீயும் அங்கை ஏதும் படை."

எண்ணிப் பார்த்தால் மே 27 போயிருக்கிறார். அடுப்பைக் கழுவி முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை. இரும்புப் பஞ்சால் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

வந்து இந்தக் கொப்பியைப் புரட்டினேன்.
மே 27: ரின்மீன் கறி, மக்கரோனி. நல்லாய் வந்தது.
மே 28: முட்டைப் பொரியல். இவர் சாப்பிடவில்லை.
யூன் 3: ஹொட் டோக் வெட்டிப் போட்ட பிரட்டல். நிரூ மூன்று தரம் கேட்டாள்.
ஐயாவின் எட்டாம் நாளுக்கு நான் ஹொட் டோக் பிரட்டியிருக்கிறேன்.

இவர் வேலையால் வந்ததும் கடிதத்தை மேசையில் வைத்தேன். சப்பாத்துக் கழற்றாமல் அப்படியே இருந்துவிட்டார். பிறகு எல்லாம் சொன்னார். சாவு வீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். நல்ல காரியம் செய்யக் கூடாது, குடிபூருகிற வேளையில் புது வீட்டில் கால் வைக்கக் கூடாது, எட்டில் படைக்கிறது தவிர மீன் மச்சம் தொடக் கூடாது. குடிபூரல் நாள் குறித்தாயிற்று, அப்பார்ட்மெண்ட் விட்டாயிற்று. மச்சாள் குருக்களைக் கேட்டாவாம். சேதி கேட்டவருக்குத்தான் துடக்கு, கேட்காதவருக்கு இல்லையாம்.

"நீர் கேக்கேல்லை. அதாலை உமக்குத் துடக்கில்லை. நான் கேட்டனான். உமக்காக நான்தான் இவ்வளவு நாளும் துடக்குக் காத்தனான்."

மச்சம் தின்னாமல் இருந்தது அதுதான். கராஜில் நின்றது அதுதான். என் துக்கத்தையும் எனக்குப் பதிலாக இவரே பட்டுவிட்டார். எனக்குப் புரியாணி.

அந்த மூன்றாவது கடிதம்? போடவில்லையாம். மேசை லாச்சிக்குள் இருக்கிறதாம்.

யூன் 25, புதன்

வேலைக்குப் போகவில்லை. வெயிலா மழையா பார்க்கவில்லை.

மச்சாள் ரெலிபோன். எல்லாம் என் நன்மைக்குத்தானாம். கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு எப்படியும் மூன்று நாள்தான் துடக்கு என்று இன்னொரு குருக்கள் சொன்னாராம். எத்தனை குருக்களைக் கேட்டிருக்கிறா. என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

நிரூவுக்குச் சொன்னேன். அவள் ஐயாவைப் பார்த்தது ஐந்து வயதில். "அப்ப நாங்க பார்ட்டி வச்சது?" என்றாள். இந்த வீட்டில் அதைக் கேட்ட ஒரே ஆள்.

அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. இவர் ஒரு கிழமை முன்னால் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றிருப்பார், ஐயாவுக்காக அழுகிறாளா தன் சாப்பாட்டுக்காக அழுகிறாளா என்று யோசித்திருப்பார். அந்தக் கண்ணீரைக் கொண்டுபோய் லசானியாவில் செலவழித்துவிட்டேன்.

இவர் கடைக்குப் போய் நாளைய படையலுக்குச் சாமான் வாங்கி வந்தார். ஜமேக்காக் கடை வாழைக்காய், பூசணி, ஃபுரோசன் முருங்கைக்காய், ரின் பலாக்காய், கீரைக்கு ஸ்பினாச். பிறிஜின் மேல்தட்டில் வேறாக ஒரு மீன் பை. சனிக்கிழமைக்காம். துடக்கு முடிந்துவிடுமே.

யூன் 26, வியாழன்

கண் கூசுகிற வெயில். தம்பி இந்நேரம் அங்கே எல்லாம் முடித்திருப்பான்.

ஆறு மணிக்கே இவர் தலை தோய்ந்து, வேட்டி கட்டி, புது வீட்டுக் குசினியில் காய்கறி எல்லாவற்றையும் கழுவிப் பரப்பி வைத்திருந்தார். வாழைக்காய் தோல் சீவியும் விட்டார், அடுப்புச் சுருளில் சிந்திய பாலைச் சுரண்டியும் விட்டார். நான் கதிரையில் இருந்தேன்.

"இண்டைக்கு முப்பத்தொண்டு. சமையுமன்" என்றார்.

"முப்பத்தொண்டு உங்களுக்கு. நான் செவ்வாய்க்கிழமைதானே கேட்டனான். எனக்கு இண்டைக்கு மூண்டாம் நாள்."

இவர் கத்தியைக் கீழே வைத்தார். வாழைக்காய் கறுக்கத் தொடங்கியது. ஒருவரும் தண்ணீரில் போடவில்லை.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலில் உள்ளவர்கள்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். நிரூ சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் வரை வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். இந்தத் தெருவில் எங்களை ஒருவருக்கும் தெரியாது.