தூக்கினேன் என்ற ஒரு சொல்

6 ஜூன் 1994, திங்கள்

காபி மூட்டைத் திருட்டு வழக்கை இன்று எடுத்தார்கள். கூட்டுறவுச் சங்கக் கிடங்கிலிருந்து ஒரு மூட்டை காணாமல் போயிருக்கிறது. சுமைகாரன் லுக்யாமுஸி கூண்டில். சாட்சி சொல்ல வந்தவள் யார் என்று பார்த்தால் — நப்போசா.

என் அம்மாவைப் புதைத்த அன்று, ஊரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தன் இலையிலிருந்த வேகவைத்த வாழைக்காயை வாசலில் கவிழ்த்துக் கொட்டியவள். "இந்த வீட்டுச் சாப்பாட்டுல என்ன கலந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்?" அன்றிலிருந்து அம்மா விஷம் வைத்தவள் என்று பெயர். செத்தவள் வந்து மறுக்கவா முடியும்? நான்கு வருஷமாக நானும் நப்போசாவும் வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை. எங்கள் குன்றுக் கிராமத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

இன்று அவள் என் வாய் வழியாகத்தான் பேசியாக வேண்டும். நீதிபதி ஓச்சாயா வடக்கத்திக்காரர், எங்கள் லுகாண்டா மொழி தெரியாது. பதிவெல்லாம் ஆங்கிலம். நடுவில் மொழிபெயர்க்க நான்.

"அவன் கூப்பிட்டான், மூட்டையை அவன் தலைக்கு ஏத்திவிட்டேன். அவ்ளோதான் ஐயா" என்றாள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது ஒரே சொல்: தூக்கினேன்.

"கிடங்கிலிருந்தா?" என்றார் அவர்.

"ஆமாங்க ஐயா."

"காவலாளி?"

"அவரு அப்ப அங்க இல்லையே."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இவளும் கூட்டு என்று அவளையும் காவலில் வைக்கச் சொன்னார். காவலர் கையைப் பிடித்ததும்தான் அவளுக்குப் புரிந்தது. "ஏய், என்னடி சொன்ன? அவர்கிட்ட என்னடி சொன்ன?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

7 ஜூன்

பொய் சொன்னேனா? இல்லை. அலுவலகத்து அகராதியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் மொழியில் கொடியேற்ற ஒரு சொல், விழுந்தவனை நிமிர்த்த ஒரு சொல், அடுத்தவர் தலைக்குச் சுமையை ஏற்றிவிட ஒரு சொல் — டிக்கா. அவள் சொன்னது அதுதான். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'லிஃப்ட்', அதாவது 'தூக்கு' போதும். உயர்த்து, ஏற்று, எடு, சும என்று ஒரு வால் நீளத்துக்கு அர்த்தம். கடைசி வரியில் சின்ன எழுத்தில்: பேச்சுவழக்கில், திருடு.

அந்தக் கடைசி வரி எனக்கு முன்னாலேயே தெரியாதா?

தெரியும்.

9 ஜூன்

மத்தியானம் நல்ல மழை. நப்போசா வீட்டு முற்றத்தில் காயப்போட்ட காபி பாயோடு நனைந்தது. என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது. எடுத்து உள்ளே போட ஆளில்லை. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

நல்லா நனையட்டும்.

13 ஜூன், திங்கள்

லுக்யாமுஸி இன்று கூண்டிலிருந்து கத்தினான். "அந்தப் பொம்பளைய எதுக்கு உள்ள வச்சிருக்கீங்க? தலைக்கு ஏத்திவிட்டதுக்கு ஜெயிலா? அப்படீன்னா இந்த ஊர்ல ஒருத்தன் வெளியில இருக்க முடியாது!" கூட்டம் சிரித்தது. நீதிபதி என்னைப் பார்த்தார். "சத்தம் போடுகிறான், ஐயா" என்றேன்.

கோப்பறை எழுத்தர் கயீவா மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். லுகாண்டா அவனுக்குத் தாய்மொழி.

14 ஜூன்

கயீவா ஒரு கோப்பை என் மேசையில் போட்டான். போன வருஷத்து விறகுக்கட்டு வழக்கு. என் மொழிபெயர்ப்பு. அதே டிக்கா. அங்கே அழகாக எழுதியிருக்கிறேன்: 'சுமையை அவர் தன் தலைமேல் வைத்துக்கொள்ள நான் கை கொடுத்தேன்.'

"அப்ப இங்கிலீஷ் நல்லாத்தான் வந்திருக்கு தங்கச்சி. இந்த ஒரு வருஷத்துல மறந்துபோச்சா?" என்று சிரித்தான்.

"நீ யாருகிட்டயாவது சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? கோப்பு அலமாரியிலதான இருக்கு. அது என்ன நடந்தா போயிடும்?"

வெறும் பயல். அவன் கையில் போய் மாட்டிக்கொண்டேனே.

15 ஜூன்

நீதிபதி அறைக்குப் போய்ச் சொன்னேன். 'மொழிபெயர்ப்பில் ஒரு பிழை.' நப்போசாவை விட்டுவிட்டார்கள். திட்டுவார் என்று நினைத்தேன். "தானாக வந்து சொன்னீர்களே, அது பெரிய விஷயம்" என்று கை குலுக்கினார்.

அந்தக் கையை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். எதற்கு?

25 ஜூன், சனி

நப்போசா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. ஆள் பாதியாகியிருந்தாள்.

"எழுது" என்றாள். "நீ பண்ணினதை, நம்ம மொழியில ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. சங்கக் கூட்டத்துல வாசிப்பேன். அப்புறம் அந்த நீதிபதிகிட்ட கொடுப்பேன்."

எழுதினேன். விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பிழைன்னு எழுதியிருக்க."

"ஆமா."

"ஒன்பது நாள் அந்தச் சிமெண்டுத் தரையில கிடந்தேன்டி. பிழையா? அடி அதை. என்ன நடந்துச்சோ அதை எழுது."

அடித்தேன். 'வேண்டுமென்றே' என்று எழுதினேன். பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. "எங்கம்மாவைப் பத்தி நீ சொன்னது? அதையும் இதுலயே எழுதட்டுமா?"

அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். "அது வேற காகிதம். வேணும்னா நீ என் வாசல்ல வந்து கேக்கணும்."

போய்விட்டாள்.

4 ஜூலை, திங்கள்

காகிதம் நீதிபதி கைக்குப் போய்ச் சேர்ந்தது, வேலை போயிற்று. மேசைச் சாவியைக் கயீவாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் சிரிக்கவில்லை. நீதிபதி இந்த முறை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

5 ஜூலை

காலையில் நப்போசா வாசலில் போய் நின்றேன். வணக்கம் சொன்னேன். உள்ளே உலக்கைச் சத்தம் நின்றது. "காகிதம் கொண்டுவந்திருக்கேன்" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பேனா?"

"அதுவும்."