கர்மேலாவின் குரல்

அன்புள்ள மம்மிக்கு,

மாதாவின் துணையால் நீங்களும் டடாவும் சுகமா? மட்டக்களப்பில் அடைமழையாம், வாவி வாசலுக்கு ஏறிவிடவில்லையே?

ஸ்பெயினில் நான் பராமரிக்கும் கர்மேலா, இந்த நாட்டுப் பிளமென்கோ இசையில் பொப் கலந்து தானே பாட்டுக் கட்டிப் பாடி, மைதானங்களை நிறைத்தவர். புற்றுநோய்க்காகத் தொண்டையில் செய்த சத்திரசிகிச்சையோடு அந்தக் குரல் போய்விட்டது. நேற்று வானொலியில் அவருடைய பாட்டு வந்ததும் ஆசையாகச் சத்தத்தைக் கூட்டினேன். "நிப்பாட்டு, அவள் செத்துப்போனாள்" என்று பலகையில் எழுதிக் காட்டினார். பிறகு, "உன் ஊர்ப் பாட்டொன்று பாடு" என்று எழுதினார். வாயைத் திறந்தேன், ஒரு வரிகூட வரவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம், கவலைப்படாதீர்கள்.

டடா பாடும் நம் பறங்கியரின் கப்ரிஞ்ஞாப் பாட்டைப் போனில் பதிந்து அனுப்புங்கள். "இந்த மனிசன் வாய மூட மாட்டாரா?" என்று நீங்கள் ஏசுவதையும் வெட்ட வேண்டாம்.

கர்மேலா மணி அடிக்கிறார், போகிறேன். இந்த வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, மம்மி. அந்தப் பதிவில் ஒருதரம் கூப்பிடுங்கள்.

பமீலா