தங்கச்சிக்கு ஒரு ஸ்கானர்

மானிப்பாய்
புதன்கிழமை

அன்புள்ள மகன் சுஜீவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு மூவரும் எழுந்து நடமாடுகிறோம், ஆண்டவர் அதற்குக் குறை வைக்கவில்லை. நீயும் கனடாக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று காலையில் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். அப்பாவுக்குச் சீனி போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் தேத்தண்ணீரோடு கற்கண்டு கடிப்பதை விட்டுவிட்டதாக அவர் சொல்வதை நான் நம்பவில்லை, போத்தல் தானாகவா குறையும். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் முன்பு மூன்று பேர் செய்த வேலையை இப்போது இரண்டு பேர் செய்கிறோம், மழை விட்டதிலிருந்து சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல்கள் வந்து குவிகின்றன, வீட்டுக்கு வந்தால் ஒரு வசனம் பேசவும் அலுப்பாக இருக்கிறது. உடம்புக்கு வருத்தம் ஏதோ வந்துவிட்டது என்று நினைக்காதே, வெறும் களைப்பு. தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். நீ அழைப்பெடுக்கும் நேரமெல்லாம் தொலைபேசி தங்கச்சியின் கையில் இருக்கிறது, நான் தனியே எடுத்தாலும் இந்த வீட்டில் ஓர் அறையில் கதைப்பது மற்ற அறைக்குக் கேட்கும், சொல்ல வேண்டியதோ அவளைப் பற்றியது. இங்கு வந்து நின்ற றெஜி மாமா நாளை கனடாவுக்குத் திரும்புகிறார். ஸ்கானர் வந்த அதே பெட்டியில் மிளகாய்த்தூளோடு இதையும் வைத்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உனக்குக் கிடைத்துவிடும்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். வாகனப் பழுதை வாசிக்க என்று நீ தங்கச்சியின் கராஜுக்கு அனுப்பிய ஸ்கானர் இங்குள்ள வாகனங்களுக்குச் சரிவரவில்லை. அது மலிந்த சாமான் என்றோ பழுது என்றோ நான் சொல்லவில்லை, அங்கே நல்ல பெயர் உள்ளது என்று நீ சொன்னதையும் நம்புகிறேன். ஆனால் அது உங்கள் பக்கத்தில் விற்கும் கார்களுக்கென்று செய்யப்பட்டது. இங்கே ஓடுபவை யப்பான்காரர் தங்கள் நாட்டுக்குள் ஓட்டுவதற்கென்று செய்து, பாவித்து, பிறகு கப்பலில் ஏற்றிவிட்டவை. அவற்றோடு உன் ஸ்கானருக்குப் பேசத் தெரியாது. சிலவற்றில் தொடர்பு இல்லை என்று எழுதிக் காட்டும், சிலவற்றில் எஞ்சினுக்குப் பொதுவான நாலைந்து குறியீட்டை மட்டும் வாசிக்கும், பிறேக்குக்கும், பெற்றோலும் மின்சாரமுமாக ஓடும் ஐபிறிட் காரின் பற்றரிக்கும் உள்ளே போகாது. அதன் பட்டியலில் அமெரிக்கப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, அதில் ஒன்றுகூட மானிப்பாய் வீதியில் போனதை நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் நானாக அறியவில்லை, தங்கச்சி வாயால் வந்ததுதான், ஆனால் அவள் உன்னிடம் சொல்லமாட்டாள். இரண்டு மாதம் சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போய் நீ அதை வாங்கினாய் என்று றெஜி மாமா வந்த அன்றே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் எப்படிச் சொல்வாள்.

இதில் எங்கள் பிழையும் இருக்கிறது. பெட்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா அன்று பின்னேரமே போதகரிடம் போய் நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் காணிக்கைக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஞாயிறு ஆராதனையில் தங்கச்சி அந்தப் பெட்டியோடு முன்னால் போய் நின்றாள், போதகர் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார், சபை முழுவதும் ஆமென் சொன்னது, வாசலில் ஒவ்வொருவரும் அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார்கள். நீயும் அன்று வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். அதுவரை அது ஒரு வாகனத்தில்கூட மாட்டப்பட்டிருக்கவில்லை. எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு புது மீட்டர் வந்தால், அளவு முன்பே தெரிந்த கரைசலில் மூன்று தரம் வைத்துப் பார்க்காமல் அதைப் பாவனைக்கு எடுக்கமாட்டோம். இருபத்திமூன்று வருடமாக அதைச் செய்துவரும் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்கவில்லை. உன் முகமும் அப்பாவின் முகமும் இருந்த இருப்பில் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சபை ஆமென் சொன்ன சாமானை மறுநாள் வேலை செய்யவில்லை என்று சொல்ல இருபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளையால் முடியுமா, அதுவும் தொழிற்பயிற்சி முடித்து வீட்டுப் பக்கத்துக் கொட்டிலில் கராஜ் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாதவளால்.

அந்தக் கிழமையே லெனாட் மாஸ்டர் தன் காரைக் கொண்டுவந்தார். உனக்குக் கணக்குப் படிப்பித்தவர்தான், இப்போது சபைச் செயலாளர். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது, நின்ற இடத்தில் எஞ்சின் நடுங்குகிறது என்றார். உன் ஸ்கானர் அந்தக் காரில் ஒரே ஒரு குறியீட்டைக் காட்டியது, எரியும் கலவையில் காற்று கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். எதனால் கூடியது என்று அறிய எஞ்சின் ஓடும்போது உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும், அந்த இடத்துக்கு ஸ்கானர் போகவில்லை. மாஸ்டர் பக்கத்தில் நிற்கிறார், மதிலுக்கு மேலால் இரண்டு பேர் எட்டிப் பார்க்கிறார்கள், ஜெபித்த மெசின் என்ன சொல்லுது என்று கேட்கிறார்கள். அவள் இணையத்தில் தேடி, ஒட்சிசன் சென்சர் பழுது என்று சொல்லிவிட்டாள். கொழும்பிலிருந்து அதை எடுப்பித்து மாற்றினாள், விளக்கும் அணைந்தது. மூன்றாம் நாள் மாஸ்டர் மீன் வாங்க மயிலிட்டிக்குப் போகும் வழியில் திரும்ப எரிந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது, என்ன பிள்ளை, நாங்கள் இவ்வளவு பேர் சேர்ந்து ஜெபிச்ச மெசின் என்ரை காருக்கு மட்டும் பலிக்கேல்லையோ என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார், அதுதான் அவளுக்கு நொந்தது.

நாலு நாள் கொட்டில் திறக்கவில்லை. தனக்கு இந்த வேலை சரிவராது, வங்கியில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பம் போடப்போகிறேன் என்றாள். உண்மையைச் சொன்னால், வங்கி வேலை என்றதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது, கிறீஸ் பிடித்த உடுப்புத் தோய்க்கும் வேலையாவது இல்லாமல் போகும். ஐந்தாம் நாள் பின்னேரம் வேலையால் வந்து உடுப்பு மினுக்க அயனை எடுத்துவிட்டுப் பார்த்தால் தண்ணீர் விசிறும் போத்தலைக் காணவில்லை, சைக்கிளும் இல்லை, ஸ்கானர் மேசையில் இருக்கிறது. அவள் போத்தலோடு மாஸ்டர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நடந்ததை மாஸ்டரின் மனைவி பிறகு எனக்குச் சொன்னா. காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, பத்து நிமிடம் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். பிறகு ஒவ்வொரு குழாயாகத் தண்ணீர் விசிறிக்கொண்டு வந்தாளாம். ஓர் இடத்தில் தண்ணீர் பட்டதும் நடுக்கம் நின்று சத்தம் சீராகி, திரும்பவும் நடுங்கியதாம். அந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தால், றப்பர் குழாயின் அடிப்பக்கத்தை அணில் கடித்து வைத்திருக்கிறது. மாஸ்டர் காரை விடுவது மாமரத்துக்குக் கீழே, அணிலுக்குக் குறைவா. காற்று கூடியது அந்த வழியால்தான், தண்ணீர் அதை அடைத்த நொடிக்கு நடுக்கம் நின்றிருக்கிறது. ஆக ஸ்கானர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அது சொன்னது பாதிதான், மீதியை இவளாகப் போட்டு நிரப்பிவிட்டாள். உதை முதலே பாத்திருக்கலாமே பிள்ளை என்று மாஸ்டர் சொல்ல, ஓம் மாஸ்டர், முதலே பாத்திருக்க வேணும், மெசின் இருக்கெண்டு பாக்காமல் விட்டிட்டன், மாத்தின சென்சரை நான் என்ரை கணக்கிலை போடுறன் என்றாளாம். அதற்கு அவர், நீ உன்ரை மெசினைவிடப் பரவாயில்லை என்றாராம். அதை அவர் ஆலய வாசலில் வைத்துச் சொல்லவில்லை. கேலி பண்ணத்தான் கூட்டம் வேண்டும் போலிருக்கிறது, நல்லது சொல்ல மாமரத்தடி போதும். ஆனால் மறுநாள் கொட்டில் திறந்தது. விண்ணப்பப் படிவம் இன்னும் வேதாகமத்துக்குள் மடித்தபடி இருக்கிறது, எடுத்து எறியவும் இல்லை, நிரப்பவும் இல்லை. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

பயிற்சியில் அவளோடு படித்த ஜெறோம் என்ற குருநகர்ப் பொடியன் அரியாலையில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். அவன் தன் முதலாளியைக் கேட்டு அவர்களுடைய ஸ்கானரை ஒரு நாளைக்குக் கொடுத்தான். கையடக்கமானது, பார்வைக்கு ஒன்றுமில்லை, பொத்தான்கள் தேய்ந்திருக்கின்றன. அன்று மூன்று காரில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, அம்மா, இது பிழை என்னெண்டு சொல்லுறதைவிட உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு காட்டுது என்றாள். அப்படி அவள் முகம் தெளிந்து கதைத்து நான் கேட்டு ஒரு மாதம் இருக்கும். பிறகு ஒருநாள் சமையலறைக் கலண்டரில் போன மாதத் தாளைக் கிழிக்கப்போன நான், அதன் பின்பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்ததைக் கண்டேன். முதல் ஸ்கானர் என்று தலைப்பு. யப்பானுக்குள் ஓடிய கார்களை வாசிக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது அளவுகளைக் கோடாகக் காட்ட வேண்டும், பிறேக்கும் காற்றுப்பையும் ஐபிறிட்டும் பார்க்க வேண்டும், இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்ய வேண்டும், வருடம் முடிந்ததும் புதுப்பிக்காவிட்டால் பூட்டிக்கொள்ளக் கூடாது, வெயிலில் எழுத்துத் தெரிய வேண்டும், பழுதானால் திருத்த யாழ்ப்பாணத்தில் ஆள் இருக்க வேண்டும், வாங்கும் முன் நம்முடைய வாகனத்தில் போட்டுப் பார்க்கக் கடைக்காரன் விட வேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் படித்தும் இதைவிட ஒழுங்காக ஒரு கருவியைக் கேட்டு எழுதியதில்லை. கடைசி வரியில், அண்ணைக்கு எப்பிடிச் சொல்லுறது என்று எழுதி, அதன் கீழ் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். தாளைக் கிழிக்காமல் விட்டேன். எங்கள் வீட்டில் இன்னும் போன மாதம்தான்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, மகன். அவளைக் கேட்காமல் வாங்கினாய், திடீரென்று அனுப்பிச் சந்தோசப்படுத்த நினைத்தாய், அதில் என்ன குற்றம் காண்பது. அந்த ஸ்கானரைத் திருப்பி எடுத்து அங்கே கொடுத்து மாற்றுவதா, இங்கேயே வைப்பதா என்பதை நீங்கள் இரண்டு பேரும் கதைத்து முடிவு செய்யுங்கள், அப்பாவுக்கும் சபைக்கும் நான் சொல்லிக்கொள்கிறேன். சபைக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்வேன். நான் எழுதியதாக மட்டும் அவளிடம் காட்டிக்கொள்ளாதே. பல்லுக்கு வைத்தியரிடம் போகிறேன் என்று நீ சொல்லி ஐந்து மாதம் ஆகிறது, போ. மிளகாய்த்தூளைப் பையோடு வைக்காதே, காய்ந்த போத்தலில் போட்டு மூடு. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, வேலையிடத்தில் நல்ல மனிதரை உன் பக்கத்தில் வைக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் அழைப்பெடுக்கும்போது, அவளுக்குப் பின்னால் மேசையில் அந்த ஸ்கானரின் திரை எரிந்துகொண்டிருக்கும். நீ பார்த்துச் சந்தோசப்பட்டிருப்பாய். மாஸ்டரின் காருக்குப் பிறகு அது எந்த வாகனத்திலும் மாட்டப்படவில்லை. சனிக்கிழமை சார்ஜில் போடுகிறாள், நீ எடுக்கும் நேரத்துக்குப் போட்டு நிமிர்த்தி வைக்கிறாள், நீ தொலைபேசியை வைத்ததும் நிறுத்திவிடுகிறாள். ஆகவே எந்த ஸ்கானர் வேண்டும் என்று எடுத்த எடுப்பில் கேட்காதே, கேட்டால் இதுவே போதும் அண்ணை என்பாள். முதலில் அதை நிறுத்தச் சொல். அவள் எழும்பிப் போய் நிறுத்திவிட்டு வந்து இருக்கட்டும். பிறகு கேள்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா
வினிபிரட் ஐசாக்